தபால் தலை தந்த ரோலண்டு ஹில்

பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்களுக்குக் கடிதத்தின் அருமை தெரியும். அம்மாவின் கடிதம், மனைவியின் கடிதம், பிள்ளை பிறந்த செய்தி எல்லாம் ஒரு காலத்தில் தபால்காரர் பையில்தான் வந்தன.

அந்தக் கடிதத்தை ஏழைக்கும் எட்டும்படி செய்தவர் ரோலண்டு ஹில். அவர் பிறந்தபோது தபால் இலாகாவுக்கும் அவருக்கும் எந்த சம்பந்தமும் இல்லை.

ஏழை வீட்டுப் பிள்ளை

1795-ம் ஆண்டு டிசம்பர் 3-ந்தேதி இங்கிலாந்தில் கிட்டர்மின்ஸ்டர் என்ற ஊரில் அவர் பிறந்தார். தந்தை பள்ளிக்கூடம் நடத்தினார். வீட்டில் எப்போதும் பணமுடை.

அந்தக் காலத்தில் கடிதத்துக்குக் காசு கொடுக்க வேண்டியவர், பெரும்பாலும் அதைப் பெறுகிறவர்தான். தபால்காரர் வருகிறார் என்றாலே ரோலண்டின் தாயாருக்குப் பயம். கையில் காசு இல்லையே என்ற கவலை. பழைய துணிகளை விற்றுத் தபால் கூலி கொடுத்த நாளும் உண்டு. அந்தச் சிறுவன் இதை மறக்கவில்லை.

சிறு வயதிலேயே அவர் தந்தையின் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். பிறகு தெற்கு ஆஸ்திரேலியாவில் ஆட்களைக் குடியேற்றும் குழுவின் செயலாளரானார்.

கணக்குப் போட்டார்

அப்போது தபால் கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. கடிதத்தில் எத்தனை தாள் என்றும் எண்ணுவார்கள். லண்டனில் இருந்து எடின்பரோவுக்கு ஒரே ஒரு தாள் அனுப்ப ஒரு ஷில்லிங்குக்கும் மேல் ஆகும். விவசாயக் கூலியாளுக்கு அது ஒரு நாள் கூலியில் பெரும் பகுதி! ஆனால் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் பிரபுக்களுக்கும் தபால் இலவசம்.

ஏழைகள் ஒரு தந்திரம் செய்தார்கள். கடிதத்தின் மேலேயே ஏதாவது அடையாளம் போட்டு அனுப்புவார்கள். பெறுகிறவர் அதைப் பார்த்துச் சேதியைப் புரிந்துகொண்டு, கடிதம் வேண்டாம் என்று திருப்பி விடுவார். இப்படி ஒரு பெண் செய்ததை ரோலண்டு ஹில் நேரில் பார்த்ததாக ஒரு கதை உண்டு. உண்மையில் அதைப் பார்த்தவர் கவிஞர் கோல்ரிட்ஜ்.

ரோலண்டு ஹில் அரசாங்கக் கணக்குகளைப் புரட்டினார். ஒரு கடிதத்தை லண்டனில் இருந்து எடின்பரோவுக்கு வண்டியில் கொண்டுபோக ஆகும் செலவு, ஒரு பென்னியில் 36-ல் ஒரு பங்குதான் என்று கண்டார். தூரத்தால் செலவு ஏறவில்லை. தாள்களை எண்ணுவது, கணக்கு எழுதுவது, வீடு வீடாகக் காசு வசூலிப்பது ஆகியவற்றால்தான் செலவு ஏறியது.

1837-ல் தன் திட்டத்தைச் சிறு புத்தகமாக வெளியிட்டார். நாட்டில் எங்கே அனுப்பினாலும் அரை அவுன்சுக்கு ஒரு பென்னி. அனுப்புகிறவர் முன்பணம் கட்ட வேண்டும். அதற்கு அடையாளமாகப் பின்புறம் பசை தடவிய ஒரு சிறு காகிதத்தை ஒட்ட வேண்டும். திட்டம் இவ்வளவுதான்!

எதிர்ப்பு

தபால் இலாகா கொதித்தது. வெளியாள் ஒருவர் தங்களுக்கு வேலை சொல்லித் தருவதா என்று அதிகாரிகளுக்குக் கோபம். தலைமை அதிகாரி லிச்பீல்டு பிரபு, இது வெறும் கற்பனை என்று ஒதுக்கினார்.

ஆனால் வியாபாரிகளும் பொதுமக்களும் திட்டத்தை ஆதரித்தார்கள். பாராளுமன்றத்தில் மனுக்கள் குவிந்தன. 1839-ல் சட்டம் நிறைவேறியது. 1840 ஜனவரி 10-ந்தேதி ஒரு பென்னி தபால் வந்தது. பிரபுக்களின் இலவசத் தபால் ஒழிந்தது. மே 6-ந்தேதி முதல், விக்டோரியா ராணியின் தலை அச்சிட்ட கறுப்பு ஸ்டாம்பு செல்லுபடியானது. உலகின் முதல் தபால் தலை அதுதான்.

1839-ல் சுமார் 7 கோடியே 60 லட்சமாக இருந்த கடிதங்கள், அடுத்த ஆண்டு சுமார் 16 கோடியே 90 லட்சம் ஆயின.

வேலை போயிற்று

ஆனால் லாபம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. மந்திரி சபை மாறியதும், 1842-ல் ரோலண்டு ஹில்லை வீட்டுக்கு அனுப்பி விட்டார்கள். திட்டம் அவருடையது, வேலை மட்டும் அவருக்கு இல்லை!

அவர் சோர்ந்து உட்காரவில்லை. லண்டன்-பிரைட்டன் ரெயில்வே கம்பெனியில் சேர்ந்து, மலிவுக் கட்டண உல்லாச ரெயில்களை விட்டார். பொதுமக்கள் அவருக்காக நிதி திரட்டி, சுமார் 13 ஆயிரம் பவுன் வழங்கினார்கள்.

1846-ல் ஆட்சி மாறியது. அவரை மீண்டும் அழைத்தார்கள். ஆனால் அவரை எதிர்த்த செயலாளர் மேபர்லி அதே நாற்காலியில் இருந்தார். 8 ஆண்டு பொறுத்திருந்து, 1854-ல் ரோலண்டு ஹில் அந்த நாற்காலியில் அமர்ந்தார். 1860-ல் "சர்" பட்டம் கிடைத்தது. 1864-ல் ஓய்வு பெற்றார்.

நம் நாட்டில்

அவர் வழியை இந்தியாவும் பின்பற்றியது. அதற்கு முன் கல்கத்தாவில் இருந்து பம்பாய்க்கு ஒரு தோலா எடையுள்ள கடிதம் அனுப்ப ஒரு ரூபாய் ஆகும். 1854-ல் டல்ஹவுசி பிரபு காலத்தில், கால் தோலா கடிதத்துக்கு நாடு முழுவதும் அரை அணா என்று ஆனது. 1879 ஜூலையில் காலணா கார்டு வந்தது.

அதே ஆண்டு ஆகஸ்டு 27-ந்தேதி, 83-வது வயதில் ரோலண்டு ஹில் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.

இன்று ஊர்ச் செய்தி செல்போனில் வந்து விடுகிறது. ஆனாலும் ஒரு தபால் கார்டு வாங்கிப் பாருங்கள். அடுத்த தெருவுக்கும் அதே விலை. ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் நம் ஊருக்கும் அதே விலை. தபால்காரரைக் கண்டு பயந்த ஒரு தாயின் மகன் போட்ட கணக்கு அது.