சிறைத் தனிமையில் சிதம்பரனார்

தென்மேற்குப் பருவமழை வட்டவளை மலைகளை மூடி, மாணவர் லயத்து அறைகளில் அடைபட்டுக் கிடக்கும் நாள்களில் எம் நினைவுக்கு வருபவர் வ. உ. சிதம்பரம் பிள்ளை. 1872இல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த இப்பெரியார், எம் முன்னோர் பலர் கடந்து வந்த தூத்துக்குடி – கொழும்புக் கடல்வழியில் கப்பல் விடுவதற்கென 1906இல் சுதேசிக் கம்பெனி கண்டவர். 1908 ஜூலையில் இராசத் துவேஷக் குற்றத்திற்காக இரட்டை ஆயுள் தண்டனை பெற்றார். அச்செய்தி கேட்டுத் தம்பி மீனாட்சிசுந்தரத்தின் சித்தம் கலங்கிற்று. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது, தம்பியோ தெளியவில்லை.

கோயம்புத்தூர்ச் சிறையில் அவர் செக்கிழுத்ததை யாவரும் அறிவர். மேடைதோறும் அச்செக்கைப் பேசும் நாம் அவர் எழுதுகோலை மறந்துவிடுகின்றோம். தமிழ் கற்பிக்கும் எமக்கு இது பெருங்குறையாகவே படுகிறது. மக்கள் திரளின் நடுவே வாழ்ந்தவர் அவர். தனிமை அவர் விரும்பி ஏற்றதன்று; அதனைத் தவமென்று வெளியிலிருந்து புகழ்தல் எளிது. எனினும் அவர் அதனை வீணே கழியவிடவில்லை. ஜேம்ஸ் ஆலனின் ஆங்கில நூலொன்றை ‘மனம்போல வாழ்வு’ எனத் தமிழாக்கினார். கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டபின், குறள்நெறி தழுவி 125 அதிகாரங்களில் ‘மெய்யறம்’ இயற்றினார். எம் மாணவருள் அதனைக் கண்டவர் எத்துணைபேர்?

1912 டிசம்பரில் விடுதலையானபோது கம்பெனி கலைக்கப்பட்டிருந்தது. எதிர்கொண்டழைக்க வந்தோர் மிகச் சிலர். வழக்கறிஞர் உரிமையும் பறிபோயிருந்தமையால் சென்னையில் வறுமையுற்றார். அவ்வறுமையிலும், 1917இல், திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் வகுத்த உரையைப் பதிப்பித்து வெளியிட்டார்.