அளந்து உண்டு நோய் வென்ற கொர்னாரோ

நோய் வந்தபின் மருந்து தேடுவது உலக வழக்கு. நோய் வாராமல் வாழும் வழியை முன்னரே தேடுவோர் மிகச் சிலரே. அவ்வழி பொருள் கொடுத்து வாங்கக் கூடியதும் அன்று. நாள்தோறும் நாம் உண்ணும் அளவிலும், உறங்கும் பொழுதிலும், சினத்தையும் கவலையையும் அடக்கும் திறத்திலும் அது அடங்கிக் கிடக்கிறது. இவ்வுண்மையைத் தம் உடலையே சோதனைக் களமாக்கிக் கண்டறிந்து, பிறரும் பயன்பெற நூலாக எழுதி வைத்த பெரியவர் ஒருவர், ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகட்கு முன் இத்தாலி நாட்டில் வாழ்ந்தார். அவர் பெயர் ஆல்வீசே கொர்னாரோ. லூயிஜி கொர்னாரோ என்றும் அவரை அழைப்பர்.

கொர்னாரோ கிறித்தவர். அவருடைய உணவில் இறைச்சியும் முட்டையும் இருந்தன. திராட்சை மதுவும் இருந்தது. இவை சிராவகர் இல்லங்களில் இடம்பெறாதவை. ஆகவே எதை உண்பது என்பதில் அவர் நமக்கு வழிகாட்டி அல்லர். எவ்வளவு உண்பது, எங்கே நிறுத்துவது என்பதில் மட்டும் அவரிடம் கற்கத்தக்கது நிரம்ப உண்டு.

இன்றைய ஆய்வாளர் கணக்கின்படி அவர் 1484 ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் பிறந்தார். கொர்னாரோ என்பது வெனிஸ் குடியரசின் உயர்குடிகளுள் ஒன்றின் பெயர். ஆயினும் இவருடைய கிளைக்கு உயர்குடி உரிமை ஏற்கப்படவில்லை. அதனை மீட்க இவர் செய்த முயற்சிகள் பலிக்கவில்லை. தாய்மாமனிடமிருந்து கிடைத்த சொத்தைக் கொண்டு பதுவா நகரில் வாழ்ந்தார். நிலங்களைத் திறம்பட நிர்வகித்துப் பெருஞ்செல்வர் ஆனார்.

செல்வமும் இளமையும் சேர்ந்த இடத்தில் அடக்கம் நிலைப்பது அரிது. விருந்தும் களியாட்டமுமாக இவருடைய இளமை கழிந்தது. முப்பத்தைந்து வயதை எட்டுவதற்குள் உடல் தளர்ந்துவிட்டது. வயிற்று வலி, விலா வலி, கீல்வாதத்தின் தொடக்கம், நீங்காத உட்காய்ச்சல், தணியாத தாகம் என ஒன்றன்பின் ஒன்றாக நோய்கள் பற்றின. மருத்துவர் பலர் பல மருந்துகள் கொடுத்தும் பயனில்லை. நாற்பது வயதை நெருங்கும்பொழுது, சாவு ஒன்றே இத்துன்பத்துக்கு முடிவு என அவர் எண்ணும் நிலை வந்தது.

அப்பொழுது மருத்துவர்கள் உறுதியாக ஒன்றைக் கூறினர். ஒழுங்கும் அளவும் உடைய வாழ்க்கையே இனி அவருக்கு மருந்து. அதனை உடனே மேற்கொள்ளாவிடில் சில மாதங்களில் உயிர் பிரியும் என்றனர். இவ்வறிவுரை அவருக்குப் புதிதன்று. முன்னரும் பத்தியம் சொல்லியிருந்தனர். ஆனால் நோயாளிகள் பலரும் செய்வதுபோல அவரும் விரும்பியதை உண்டுவிட்டு, அதனை மருத்துவரிடம் மறைத்து வந்தார். இம்முறை மறைக்கவில்லை. உறுதி பூண்டார். சில நாள்களிலேயே உடலில் தெளிவு தோன்றியது. ஓராண்டு முடிவதற்குள் நோய்கள் யாவும் நீங்கின.

நலம் பெற்றதோடு பெரும்பாலோர் பழைய வழிக்கே திரும்புவர். கொர்னாரோ திரும்பவில்லை. நாவுக்கு இனியது உடலுக்கும் நல்லது என்பது அந்நாளில் வழங்கிய ஒரு நம்பிக்கை. அது மெய்தானா என ஒவ்வோர் உணவாக உண்டு பார்த்தார். தமக்குச் சுவையாயிருந்த பல உணவுகள் தம் வயிற்றுக்கு ஒவ்வாமை கண்டு அவற்றை விலக்கினார். ஒத்துக்கொண்ட உணவையும் நிறுத்து உண்டார். திட உணவு நாளொன்றுக்கு 12 அவுன்சு, பருகும் மது 14 அவுன்சு என வரையறுத்துக்கொண்டார். அக்கால வெனிஸ் நகரத்து அவுன்சு இன்றைய அவுன்சினின்றும் வேறானது. எனவே அந்த எண்ணை அப்படியே நாம் பின்பற்றுவதற்கில்லை. இன்னும் சிறிது உண்ணலாம் என்னும் விருப்பம் இருக்கும்பொழுதே அவர் எழுந்துவிடுவார் என்பதே நாம் மனத்திற் கொள்ளத்தக்கது.

உணவோடு அவர் நிற்கவில்லை. கடும் வெயில், கடுங்குளிர், மிகையான உழைப்பு, உறக்கக் கேடு, கெட்ட காற்று ஆகியவற்றையும் இயன்றவரை தவிர்த்தார். வெறுப்பும் கவலையும் உடலை அரிக்கும் என உணர்ந்து அவற்றையும் அடக்கப் பழகினார். இப்பழக்கத்துக்கு ஒரு சோதனை வந்தது. வலிமை மிக்க சிலர் அவர்மீது பெரிய வழக்குகளைத் தொடுத்தனர். சொத்தும் மானமும் போய்விடுமோ என்று அஞ்சி அவருடைய உடன்பிறந்தாரும் உறவினர் சிலரும் மனம் நொந்து மாண்டனர் என அவர் எழுதியிருக்கிறார். அவரோ அமைதியாக இருந்து வழக்கையும் வென்றார், உடலையும் காத்தார்.

தம் கணக்கின்படி எழுபது வயதில் அவருக்கு ஒரு விபத்து நேர்ந்தது. குதிரை வண்டி கவிழ்ந்து இழுத்துச் செல்லப்பட்டதில் தலையும் உடலும் நைந்து, ஒரு கையும் ஒரு காலும் மூட்டு விலகின. மூன்று நாள்களுக்குமேல் வாழார் என மருத்துவர் கருதினர். அக்கால வழக்கப்படி இரத்தம் எடுக்கவும் பேதிக்குக் கொடுக்கவும் விரும்பினர். தம் உடல் ஒழுங்கான வாழ்க்கையால் தூய்மையாயிருக்கிறது என்று கூறி அவர் இரண்டையும் மறுத்தார். மூட்டுகளைப் பொருத்தி எண்ணெய் தடவச் செய்ததோடு நலம் பெற்று எழுந்தார்.

அவருடைய வாழ்க்கையில் நம் இல்லங்களுக்கு மிக நெருங்கிய நிகழ்ச்சி இனி வருவது. தம் கணக்கின்படி எழுபத்தெட்டாம் வயதில் அவர் இருந்தபொழுது, உறவினரும் நண்பரும் மருத்துவரும் ஒன்றுகூடி, முதுமைக்கு இவ்வுணவு போதாது, சற்றே கூட்டிக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்தினர். பகையால் சொன்னவர் ஒருவரும் இலர். யாவரும் அன்பால் சொன்னவரே. பலமுறை மறுத்தும் முடியாமல், அவர்கள் மனம் நோகக் கூடாதென்று இசைந்தார். உணவை 12 அவுன்சிலிருந்து 14 ஆகவும், பருகுவதை 14 இலிருந்து 16 ஆகவும் உயர்த்தினார். இரண்டு அவுன்சுதான் கூடுதல். பத்து நாள்களில் முகமலர்ச்சி போய்ச் சிடுசிடுப்பும் சோர்வும் வந்தன. பன்னிரண்டாம் நாள் விலாவில் கடும் வலி கண்டது. பின்னர் காய்ச்சல் தொடர்ந்து முப்பத்தைந்து நாள் வாட்டியது. பழைய அளவுக்குத் திரும்பியபின்னரே பிழைத்தார். அன்போடு வைக்கப்படும் ஒரு கவளத்தை மறுப்பது, ஆசையை அடக்குவதைக் காட்டிலும் கடினம் என்பதை அவர் அன்று உணர்ந்திருப்பார்.

குறைவாக உண்டவர் வாழ்வைச் சுருக்கிக்கொண்டவர் என்று எண்ணிவிடலாகாது. பதுவாவில் கட்டடக் கலைஞர் ஃபால்கொனெத்தோவைக் கொண்டு 1524 இல் அவர் எழுப்பிய எழில்மிகு நாடக மேடை மண்டபம் இன்றும் நிற்கிறது. ரூட்ஸாந்தே எனப் பெயர்பெற்ற நாடக ஆசிரியரை ஆதரித்தவர் அவரே. சதுப்பு நிலங்களில் தேங்கிய நீரை வடித்து, கெட்ட காற்றுக்கு அஞ்சி மக்கள் விலகியிருந்த இடங்களை விளைநிலமாகவும் குடியிருப்பாகவும் ஆக்கினார். முதுமையிலும் துணையின்றிக் குதிரை ஏறினார், குன்றுகளில் நடந்தார், பாடினார், நகைச்சுவை நாடகம் ஒன்றும் எழுதினார். ஒரே மகள் வயிற்றுப் பேரக்குழந்தைகள் பதினொருவருடன் களித்திருந்தார்.

அளவான வாழ்வைப் பற்றிய அவருடைய நூல் 1558 இல் பதுவாவில் வெளிவந்தது. பின்னர் மேலும் மூன்று கட்டுரைகளை எழுதிச் சேர்த்தார். 1566 ஆம் ஆண்டு அவர் காலமானார். ஃபிளாண்டர்ஸ் நாட்டுப் பாதிரியார் லெசியஸ் 1613 இல் அந்நூலை இலத்தீனில் தந்தார். ஆங்கிலக் கவிஞர் ஜார்ஜ் ஹெர்பர்ட்டின் மொழிபெயர்ப்பு 1634 இல் அச்சேறியது. நான்கு நூற்றாண்டுகளுக்கு மேலாக அந்நூல் படிக்கப்பட்டு வருகிறது.

இங்கு ஓர் உண்மையையும் கூற வேண்டும். கொர்னாரோ தம் வயதைக் கூட்டிச் சொல்லி வந்தார் என்பது ஆய்வாளர் முடிவு. நூல் வெளிவந்தபொழுது தமக்கு எண்பதுக்கு மேல் என்றார். 1484 இல் பிறந்தவர் எனின் அப்பொழுது எழுபத்து நான்கே இருக்கும். அவர் நூறாண்டு வாழ்ந்தார் எனப் பல நூல்கள் எழுதியிருப்பதும் இதனால் விளைந்ததே. மெய்க்கணக்கில் அவர் வாழ்ந்தது ஏறத்தாழ எண்பத்திரண்டு ஆண்டுகள். நாற்பதில் சாவை எதிர்நோக்கிய ஒருவர் எண்பதைக் கடந்து, அதுவும் அந்நூற்றாண்டில், நலமோடு வாழ்ந்ததே போதிய சான்று. அதற்குப் பொய்யின் துணை தேவைப்படவில்லை. நல்ல செய்தியாயினும் மிகைப்படுத்தினால் அதன் மதிப்புக் குன்றும் என்பதற்கு அவரே சான்றாகிவிட்டார். வாய்மையை அணுவிரதமாக ஏற்ற நாம் இதையும் அவர் வாழ்விலிருந்து கற்கலாம்.

செர்மானிய அறிஞர் நீட்சே வேறொரு தடை எழுப்பினார். குறைந்த உணவு கொர்னாரோவுக்கு நீண்ட வாழ்வைத் தரவில்லை; மெல்லச் செரிக்கும் அவருடைய உடலமைப்பே குறைவாக உண்ணும்படி அவரைச் செய்தது; காரணத்தையும் காரியத்தையும் அவர் மாற்றிவிட்டார் என்பது நீட்சேயின் கருத்து. ஒரே மனிதரின் வாழ்வைக் கொண்டு பொது விதி வகுக்க இயலாது என்ற அளவில் இத்தடை ஏற்கத்தக்கதே.

அவ்விடையை அறிவியல் பிற்காலத்தில் தேடியது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மெக்கே என்பார், சத்துக் குறையாமல் அளவு மட்டும் குறைத்து ஊட்டப்பட்ட எலிகள் நெடுநாள் வாழ்ந்தன என 1935 இல் காட்டினார். உடற்பருமன் இல்லாத ஆண் பெண் இருநூற்றுவருக்கு மேற்பட்டோரிடம் அந்நாட்டில் இரண்டாண்டு நடந்த ஆய்வின் முடிவு 2015 இல் வெளியாயிற்று. கலோரியில் 25 விழுக்காடு குறைக்க முயன்றவர்களால் ஏறத்தாழ 12 விழுக்காடே குறைக்க முடிந்தது. ஆயினும் அவர்களுடைய எடையும் இரத்த அழுத்தமும் கொழுப்பும் குறைந்தன. இதனால் மனிதர் ஆயுள் நீளும் என்று மெய்ப்பிக்கப்படவில்லை. இதய நோய்க்கும் நீரிழிவுக்கும் வழிவிடும் காரணங்கள் குறையும் என்பது தெளிவாயிற்று.

இந்தியாவில் நீரிழிவு உடையோர் 10 கோடிக்கு மேல் என 2023 இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கூறுகிறது. புறத்தவம் ஆறனுள் உண்ணாநோன்புக்கு அடுத்ததாக அவமோதரியம், அதாவது வயிறு நிரம்பாமல் உண்ணல், நமக்கு வகுக்கப்பட்டிருக்கிறது. அட்டமியிலும் சதுர்த்தசியிலும் நோன்பிருக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல. ஆயினும் மறுநாள் பாரணையில் இலை நிறைய இனிப்பும் நெய்யும் வைத்து, நோன்பின் பயனை உடலுக்கு இல்லாமற் செய்துவிடுகிறோம். விருந்தினர் போதும் என்று கையால் மறைத்தபின்னும் பரிமாறுவதை உபசாரம் என்கிறோம். கொர்னாரோவின் இரண்டு அவுன்சு நமக்கு நினைவிருக்கட்டும்.

தம் அளவு தமக்கே உரியது. அவரவர் உடலை அவரவரே கூர்ந்து அறிய வேண்டும் என்பது கொர்னாரோவின் கொள்கை. வளரும் குழந்தைகள், கருவுற்ற தாய்மார், மெலிந்த முதியோர், மருந்து உட்கொள்வோர் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் உணவைக் குறைக்கலாகாது. ஏனையோர் இன்னும் சிறிது வேண்டும் என்னும் நிலையில் எழுந்துவிடும் பழக்கத்தை இன்றே தொடங்கலாம். இல்லத்துப் பெரியோர் அப்படி எழும்பொழுது மற்றவர்கள் வற்புறுத்தாதிருப்பதும் அவர்களுக்குச் செய்யும் தொண்டேயாகும்.