பாரதி பாட்டுக்குச் சொந்தக்காரராக இருந்த காரைக்குடிக்காரர்: ஏவி.எம். மெய்யப்பன் அந்த உரிமையை ஏன் வாங்கினார், எப்படி விட்டுக்கொடுத்தார்?

பாரதியார் பாட்டுக்கு இன்றைக்கு யார் வேண்டுமானாலும் புது மெட்டுப் போடலாம், மேடையில் பாடலாம், படத்தில் வைக்கலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், காசு கட்டவும் வேண்டாம். ஆனால் 1940-களின் பிற்பகுதியில் நிலைமை அப்படி இல்லை. அந்தப் பாட்டுகளை ஒலிப்பதிவு செய்யும் உரிமை ஒரே ஒருவரிடம் இருந்தது. அவர்தான் காரைக்குடியில் பிறந்த ஏவி.எம். மெய்யப்பன்.

‘பராசக்தி’ முதல் எத்தனையோ படங்களைத் தந்த ஸ்டூடியோ முதலாளியாகத்தான் அவரைப் பலருக்கும் தெரியும். ஆனால் அவர் முதலில் இசைத்தட்டு வியாபாரி. அந்தத் தொழிலில் கற்றதை வைத்துத்தான் பிறகு சினிமாவில் ஒவ்வொரு அடியும் எடுத்து வைத்தார். பாரதி பாட்டு விவகாரமும் அங்கிருந்தே தொடங்குகிறது.

கடையில் தொடங்கிய பாடம்

மெய்யப்பன் பிறந்தது 1907 ஜூலை 28. தந்தை ஆவிச்சி செட்டியார் காரைக்குடியில் ‘ஏ.வி. அண்டு சன்ஸ்’ என்ற கடை நடத்தினார். இசைத்தட்டுகளும் அங்கே விற்பனைக்கு இருந்தன. சின்ன வயதிலேயே மெய்யப்பன் கடை வேலைக்கு வந்துவிட்டார்.

காரைக்குடி, கண்டனூர், தேவகோட்டை, கானாடுகாத்தான் என நகரத்தார் ஊர்களுக்குப் பர்மாவிலிருந்தும் மலாயாவிலிருந்தும் பணம் வந்துகொண்டிருந்த காலம் அது. கிராமபோன் பெட்டி வாங்கும் வசதியுள்ள வீடுகள் இந்தப் பக்கம் அதிகம். பெட்டி வாங்கியவர் அதோடு நிற்க மாட்டார், தட்டு வாங்க மறுபடியும் கடைக்கு வந்தாக வேண்டும். எந்தப் பாட்டு விற்கும், எந்தக் குரலை மக்கள் திரும்பத் திரும்பக் கேட்பார்கள் என்பது கல்லாவில் இருப்பவருக்குத் தினமும் தெரிந்துவிடும்.

அடுத்தவர் தயாரித்த தட்டை விற்றால் கமிஷன் மட்டும்தான் மிச்சம். நாமே தயாரித்தால் என்ன என்று மெய்யப்பன் யோசித்தார். கே.எஸ். நாராயண ஐயங்கார், சுப்பையா செட்டியார் ஆகியோரோடு கூட்டுச் சேர்ந்து சென்னையில் ‘சரஸ்வதி ஸ்டோர்ஸ்’ தொடங்கினார். ஜெர்மனியைச் சேர்ந்த பெரிய இசைத்தட்டு நிறுவனமான ஓடியனோடு ஒப்பந்தம் போட்டார்கள். அதாவது பாடகர்களைத் தேடிப் பிடித்து, பாட வைத்து, தட்டாக்கி விற்கும் வேலை.

மூன்றரை நிமிடத்தில் என்ன செய்ய முடியும்?

அந்தக் காலத்துத் தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுற்றும். ஒரு பக்கத்தில் சுமார் மூன்றரை நிமிடம்தான் பதிய முடியும். ஒரு கீர்த்தனையையே சுருக்கித்தான் பாட வேண்டும். அதற்குள்ளும் பெரிசாக ஏதாவது செய்துவிட வேண்டும் என்ற ஆசை தமிழ் இசைத்தட்டு உலகத்துக்கு இருந்தது. அப்படி வந்ததுதான் ‘நாடக செட்’. ஒரு முழு நாடகத்தைப் பாட்டும் வசனமுமாகப் பல தட்டுகளில் பதிந்து, வரிசையாக விற்பார்கள். ஆறு தட்டு என்றால் பன்னிரண்டு பக்கம், சுமார் 40 நிமிடம்.

ஆல்பம் முழுவதையும் ஒரே கதையாகச் சொல்லும் வழக்கத்தை ராக் இசைக் குழுக்கள் பின்னாளில் பெரிதாக்கின. அதே எண்ணத்தை நம்மூர்க்காரர்கள் 78 சுற்றுத் தட்டிலேயே முயன்று பார்த்திருக்கிறார்கள்.

இந்தத் தொழில் மெய்யப்பனுக்கு இரண்டு விஷயங்களைக் கற்றுக்கொடுத்தது. ஒன்று, தட்டில் குரல் மட்டும்தான் இருக்கிறது, பாடுபவரின் முகம் இல்லை. ஆக, குரலை ஆளிடமிருந்து பிரிக்க முடியும். இரண்டு, பாட்டு என்பது ஒரு சொத்து. வீடு, நிலம் மாதிரி அதையும் வாங்கலாம், விற்கலாம்.

சினிமாவில் கையைச் சுட்டுக்கொண்டது எப்போது?

பேசும் படம் வந்ததும் இசைத்தட்டுக்காரர்கள் பலரும் சினிமா பக்கம் திரும்பினார்கள். மெய்யப்பனின் முதல் படம் ‘அல்லி அர்ஜுனா’ (1935). கல்கத்தாவில் எடுத்தார்கள். படம் ஓடலை. அடுத்து எடுத்த ‘ரத்னாவளி’யும் நஷ்டம்தான்.

கொஞ்சம் நிமிர வைத்தது 1938-ல் வந்த ‘நந்தகுமார்’. சிறுவன் டி.ஆர். மகாலிங்கம் கிருஷ்ணராக நடித்த படம் இது. படத்தில் ஒரு நடிகையின் குரல் சரியாக அமையவில்லை. நடிகையை மாற்றாமல் குரலை மட்டும் மாற்றினார் மெய்யப்பன். லலிதா வெங்கட்ராமன் பாடினார், நடிகை வாயசைத்தார். தமிழ் சினிமாவில் பின்னணிப் பாடலின் தொடக்கமாக இதைத்தான் பலரும் குறிப்பிடுகிறார்கள். இசைத்தட்டு வியாபாரியின் மூளைக்கு இது இயல்பாகவே தோன்றியிருக்கும்.

இதே கணக்கு அடுத்தடுத்தும் வந்தது. கன்னடத்தில் எடுத்த ‘ஹரிச்சந்திரா’வுக்குத் தமிழ்க் குரல் கொடுத்து 1944-ல் வெளியிட்டார். இந்தியாவின் முதல் டப்பிங் படம் என்று சொல்லப்படுவது இதுதான். 1945-ல் ‘ஸ்ரீ வள்ளி’. நாயகி ருக்மிணி பாடிய பாட்டுகள் மெய்யப்பனுக்குத் திருப்தி தரவில்லை. பி.ஏ. பெரியநாயகியைப் பாட வைத்து, படத்தில் அந்தக் குரலைச் சேர்த்தார். ‘ஸ்ரீ வள்ளி’ பெரிய வெற்றி.

ஸ்டூடியோ ஏன் காரைக்குடிக்கு வந்தது?

1945-ல் ஏவி.எம். புரொடக்சன்ஸ் தொடங்கியாயிற்று. ஆனால் போர்க்காலத் தட்டுப்பாட்டால் சென்னையில் ஸ்டூடியோவுக்குத் தேவையான மின் இணைப்பு கிடைக்கவில்லை. மெய்யப்பன் சொந்த ஊர் பக்கம் திரும்பினார். காரைக்குடியை ஒட்டிய தேவகோட்டை ரஸ்தாவில் இடத்தை வாடகைக்கு எடுத்து, கொட்டகை போட்டு, ஸ்டூடியோவாக்கினார். நடிகர்கள், தொழிலாளர்கள் எல்லோரும் அங்கேயே தங்கி வேலை பார்த்தார்கள்.

அங்கே உருவான படம்தான் ‘நாம் இருவர்’. ப. நீலகண்டன் எழுதிய ‘தியாக உள்ளம்’ நாடகத்தைத் தழுவியது. இந்தப் படத்துக்குப் பாரதியார் பாட்டுகள் வேண்டும் என்று மெய்யப்பன் முடிவு செய்தார். சிக்கல் ஆரம்பித்தது அங்கேதான்.

பாரதி பாட்டு யாரிடம் இருந்தது?

பாரதியார் இறந்தது 1921-ல். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1919-ல், அவர் செட்டிநாட்டுக்கு வந்திருக்கிறார். கானாடுகாத்தானில் வை.சு. சண்முகம் செட்டியார் வீட்டில் தங்கினார். காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்துக்கும் போனார். இந்த மண்ணுக்கு அவர் புதியவர் அல்ல.

அவர் மறைந்தபோது குடும்பத்துக்கு மிஞ்சியது வறுமைதான். 1928-ல் அவருடைய தேசியப் பாட்டுப் புத்தகங்களை அரசு தடை செய்து பறிமுதலும் செய்தது. பாட்டுகளை ஒலிப்பதிவு செய்யும் உரிமை 1930-களில் ஜேசிங்லால் மேத்தா என்ற வணிகரிடம் போனது. கொடுத்த விலை சில நூறு ரூபாய்.

மெய்யப்பன் இதை விசாரித்துத் தெரிந்துகொண்டு மேத்தாவிடம் போனார். சுமார் 10,000 ரூபாய் கொடுத்து உரிமையை வாங்கினார். அந்தக் காலத்தில் அது கொஞ்ச நஞ்சக் காசில்லை. சட்டப்படி எந்தத் தவறும் இல்லை. ஆனால் சில நூறுக்கும் பத்தாயிரத்துக்கும் நடுவில் இருந்த லாபம் கவிஞரின் மனைவி செல்லம்மாளுக்குப் போகவில்லை.

படத்துக்கு ஆர். சுதர்சனம் இசை. கர்நாடக இசை மேடையில் பெரும் பெயர் பெற்றிருந்த டி.கே. பட்டம்மாள் பாரதி பாட்டுகளைப் பாடினார். குமாரி கமலா ஆடினார். 1947 ஜனவரியில் படம் வெளியானபோது நாட்டுக்கு இன்னும் சுதந்திரம் வந்திருக்கவில்லை. சுதந்திரம் கிடைத்தே விட்டது என்று கூத்தாடும் பாட்டைப் பாரதி எப்போதோ எழுதி வைத்திருந்தார். தியேட்டரில் ஜனங்கள் அதைக் கேட்டது, விடுதலைக்கு ஏழு மாதம் முன்பு. படம் பிரமாதமாக ஓடியது. புத்தகம் எட்டாத இடத்துக்கெல்லாம் பாரதியைச் சினிமா கொண்டு சேர்த்தது.

எதிர்ப்பு ஏன் கிளம்பியது?

1948-ல் டி.கே.எஸ். சகோதரர்கள் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாட்டு ஒன்றைப் பயன்படுத்தினார்கள். உரிமை தன்னிடம் இருப்பதாகச் சொல்லி மெய்யப்பன் சட்ட நடவடிக்கையில் இறங்கினார். டி.கே. சண்முகம் பின்வாங்கவில்லை. பாரதியின் பாட்டு நாட்டுக்குச் சொந்தமா, ஒரு ஸ்டூடியோவுக்குச் சொந்தமா என்ற கேள்வி எழுந்தது.

எழுத்தாளர்கள் ஒன்று சேர்ந்தார்கள். வ.ரா. தலைமையில் பாரதி விடுதலைக் கழகம் உருவானது. நாரண துரைக்கண்ணன் முன்னின்று வேலை பார்த்தார். பாரதியின் பாட்டுகளை அரசே வாங்கி மக்களுக்குப் பொதுவாக்க வேண்டும் என்பது கோரிக்கை.

மெய்யப்பன் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. கேட்ட விலையைக் கொடுத்து வாங்கியவர் அவர். பட்டம்மாளைப் பாட வைத்து, படமாக்கி, ஊரெல்லாம் கொண்டு சேர்த்தவரும் அவர்தான். பணம் போட்டு வாங்கியதை வேறொருவர் சும்மா எடுத்தால் எந்த வியாபாரியும் கேட்கத்தான் செய்வார். எதிர்த் தரப்பின் நியாயம் வேறு. விடுதலைக்காகப் பாடிய கவிஞனின் பாட்டு, விடுதலை வந்த பிறகும் ஒருவர் கையில் இருப்பதா என்பது அவர்கள் கேள்வி.

எப்படி முடிந்தது?

அப்போது சென்னை மாகாணப் பிரதமராக இருந்தவர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். அவருடைய அரசு பாரதி படைப்புகளை ஏற்க முடிவு செய்து மெய்யப்பனிடம் பேசியது. அவர் போட்ட பணத்தைக் கேட்கவில்லை. 1949-ல் ஒலிப்பதிவு உரிமையை இலவசமாகவே அரசிடம் ஒப்படைத்தார். புத்தக உரிமையையும் அரசு பெற்றுக்கொண்டது. அடுத்த சில ஆண்டுகளில் பாரதியின் எழுத்து எல்லோருக்கும் பொதுவானது.

இதில் என்ன லாபம் என்று கேட்கலாம். அன்றைய காப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 50 ஆண்டு வரை உரிமை நீடிக்கும். அந்தக் கணக்கில் பாரதி பாட்டு 1971 முடியும் வரை யாராவது ஒருவரின் சொத்தாகவே இருந்திருக்கும். 1949 முடிவு அந்தக் காத்திருப்பை ஒழித்தது. பாரதிதாசன், அண்ணா என்று பலருடைய நூல்களை அரசு பின்னாளில் நாட்டுடைமை ஆக்கியதற்கும் இதுதான் முன்மாதிரி.

பிறகு?

இதற்கிடையே மெய்யப்பன் ஸ்டூடியோவைச் சென்னை வடபழனிக்கு மாற்றியிருந்தார். 1949-ல் ‘வாழ்க்கை’, 1952-ல் சிவாஜி கணேசனின் முதல் படமான ‘பராசக்தி’ என வரிசையாக வந்தன. 1954-ல் எஸ். பாலசந்தர் இயக்கத்தில் ‘அந்த நாள்’ வந்தது. அதில் ஒரு பாட்டுகூடக் கிடையாது. பாட்டை விற்று முன்னுக்கு வந்தவர், பாட்டே இல்லாத படத்துக்கும் பணம் போட்டார்.

1979 ஆகஸ்ட் 12-ல், 72 வயதில் மெய்யப்பன் காலமானார். தமிழ் சினிமாவுக்குப் பின்னணிக் குரல், டப்பிங், ஸ்டூடியோ என அவர் கொடுத்தது நிறைய. எல்லாம் லாபம் பார்த்துச் செய்த வேலைகள், அதில் தப்பொன்றும் இல்லை. லாபக் கணக்கில் சேராத ஒன்று உண்டென்றால் அது பாரதி பாட்டுதான். காரைக்குடியிலோ கண்டனூரிலோ பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஒரு பிள்ளை அதை மைக்கில் பாடும்போது யாரும் உரிமை கேட்டு வருவதில்லை. அதற்கு வ.ரா.வும் நாரண துரைக்கண்ணனும் நடத்திய போராட்டம் பாதிக் காரணம். கையிலிருந்த பத்திரத்தைக் காசு வாங்காமல் கொடுத்த வியாபாரி மீதிக் காரணம்.