இரவில் வந்த ஆசிரியர்

பந்தலூர்ப் பகுதியின் தேயிலைத் தோட்ட லயங்களில், சுவரில் சாமி படம் இல்லாத வீட்டை நான் கண்டதில்லை. தாமரையின் மீது நிற்கும் லட்சுமியும், வீணையுடன் பாறையில் அமர்ந்திருக்கும் சரஸ்வதியும் பத்தடிக்குப் பத்தடி அறைக்குள் எங்களுடன் குடியிருந்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்து அடுப்புக்கரியால் சுவரில் கிறுக்கி அடி வாங்கியவன் நான். பின்னாளில் ஓவிய ஆசிரியராகிப் பணியிலிருந்து ஓய்வும் பெற்றுவிட்டேன். எங்கள் வீட்டுச் சுவரில் இருந்த தெய்வங்களுக்கு அந்த முகத்தைக் கொடுத்தவரும் சிறுவயதில் சுவரில் கரியால் வரைந்தவர்தான் என்பதை மிகவும் பிந்தியே அறிந்தேன்.

ராஜா ரவிவர்மா 1848 ஏப்ரல் 29 அன்று திருவாங்கூர் சமஸ்தானத்தின் கிளிமானூரில் பிறந்தார். தந்தை வடமொழி அறிஞர். தாய் உமையம்பா தம்புராட்டி கவிதை இயற்றும் ஆற்றல் பெற்றவர். அரண்மனைச் சுவர்களில் விலங்குகளையும் அன்றாடக் காட்சிகளையும் சிறுவன் வரைந்து வைத்தபோது பணியாளர்கள் முறையிட்டனர். அந்தக் கோடுகளில் குறும்பைக் காணாமல் திறமையைக் கண்டவர் தாய்மாமன் ராஜராஜ வர்மா. அவரே தஞ்சாவூர்ப் பாணி ஓவியத்தில் பயிற்சி உள்ளவர். மதுரையிலிருந்து திருவாங்கூர் சென்று சுவாதித் திருநாளின் ஆதரவைப் பெற்ற அழகிரி நாயுடுவிடம் கற்றவர். ஆக, ரவிவர்மாவின் முதல் பாடத்திலேயே தமிழ்நாட்டின் கைவண்ணம் கலந்திருந்தது.

1862ஆம் ஆண்டில், பதினான்கு வயதுச் சிறுவனை மாமன் திருவனந்தபுரத்துக்கு அழைத்துச் சென்று மன்னர் ஆயில்யம் திருநாளின் முன் நிறுத்தினார். மன்னருக்குச் சிறுவனின் படங்கள் பிடித்துப்போயின. அரண்மனையில் தங்குவதற்கும், அங்கிருந்த ஓவியச் சேகரிப்பைப் பார்ப்பதற்கும் வழி கிடைத்தது. ஆனால் சிறுவன் கற்க விரும்பிய கலை, எளிதில் கிட்டாத தொலைவில் இருந்தது.

எண்ணெய் வண்ண ஓவியம் அன்று இந்தியாவில் புதிய வித்தை. வண்ணத்தை எந்த எண்ணெயில் குழைப்பது, ஒரு பூச்சு உலர எத்தனை நாள் காத்திருப்பது, நிழலுக்கு எதைக் கலப்பது என்பவற்றை அறிந்தவர்கள் மிகச் சிலரே. திருவாங்கூர் அரண்மனையில் அதை அறிந்திருந்தவர் ஆஸ்தான ஓவியர் ராமசாமி நாயுடு. மன்னரின் அன்பைப் பெற்ற இளைஞன் நாளை தம் இடத்துக்கே போட்டியாக வருவான் என்று அவர் எண்ணியிருக்கக்கூடும். கற்றுத் தர மறுத்துவிட்டார். 1868இல் மன்னர் குடும்பத்தை வரைய வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சனும் கற்பிக்க உடன்படவில்லை. மன்னரின் சொல்லுக்காக, தாம் வரையும்போது அந்த இளைஞன் அருகே நின்று பார்க்கலாம் என்று மட்டும் இசைந்தார்.

இந்த இடத்தில்தான் வரலாறு அதிகம் பேசாத ஒருவர் வருகிறார். அவர் பெயர் ஆறுமுகம் பிள்ளை. ராமசாமி நாயுடுவின் மாணவர். குருவுக்குத் தெரியாமல், இரவு நேரங்களில் ரவிவர்மாவிடம் வந்து, தாம் கற்றதைச் சொல்லிக் கொடுத்தார் என்று ரவிவர்மாவின் வாழ்க்கையை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். குருவின் சினத்துக்கு ஆளானால் தம் பிழைப்பே போய்விடும் என்ற நிலையில் இருந்த ஒருவர் அதைச் செய்தார். அவர் வரைந்த படம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. ஆனால் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் இந்திய ஓவியத்தில் நிகழ்ந்தவற்றுள் பெரிதான ஒன்றுக்கு அவரும் ஒரு காரணம்.

மற்றதை ரவிவர்மா தாமாகவே கற்றார். அதற்கு ஆண்டுகள் பிடித்தன. பூசி, பிழை கண்டு, சுரண்டி, மீண்டும் பூசிக் கற்ற கல்வி அது. இதற்கிடையே 1866இல் மாவேலிக்கரை அரச குடும்பத்துப் பெண்ணுடன் திருமணம் நடந்தது. 1870இல் கொல்லூர் மூகாம்பிகையை வழிபட்டுத் திரும்பும் வழியில், கோழிக்கோட்டில் ஒரு நீதிபதியின் குடும்பத்தை வரைந்து கொடுத்தார். கூலி பெற்று அவர் வரைந்த முதல் படம் அது என்பார்கள். அரச உறவினர் ஒருவர் கூலிக்குப் படம் எழுதுவது அந்நாளில் சாதாரணச் செய்தி அன்று. கலையைத் தொழிலாக ஏற்கும் துணிவு அவருக்கு அன்றே வந்துவிட்டது.

வெளியுலகம் அவரை அறிந்தது சென்னையில்தான். 1873இல் சென்னை நுண்கலைக் கண்காட்சியில், கூந்தலில் மல்லிகைச் சரம் சூடும் நாயர் பெண்ணின் ஓவியம் தங்கப்பதக்கம் பெற்றது. அதே படம் வியன்னா கண்காட்சியிலும் பரிசு பெற்றது. அப்போது அவருக்கு வயது 25. மறு ஆண்டு, இசைக்கருவி வாசிக்கும் தமிழ்ப்பெண்ணின் படத்துக்கு மீண்டும் சென்னையில் தங்கப்பதக்கம். 1876இல் துஷ்யந்தனுக்குக் கடிதம் எழுதும் சகுந்தலையின் படத்தைச் சென்னை மாகாண ஆளுநர் பக்கிங்காம் கோமகனே வாங்கிக்கொண்டார். ஆங்கிலேயர் ஆண்ட நகரில், ஆங்கிலேய ஓவியர்களும் கலந்துகொண்ட கண்காட்சிகளில், முறையான ஓவியப் பள்ளி எதிலும் படித்திராத ஓர் இந்தியர் தொடர்ந்து முதலிடம் பெற்றார்.

அரண்மனைப் புகழ் நிலையற்றது என்பதையும் அவர் விரைவில் அறிந்தார். 1880இல் ஆயில்யம் திருநாள் மறைந்தார். அடுத்து வந்த மன்னருடன் இணக்கம் ஏற்படவில்லை. திருவனந்தபுரத்தைவிட்டு வெளியேறிய ரவிவர்மா, தம்பி ராஜராஜ வர்மாவைத் துணையாகக்கொண்டு பரோடா சென்றார். அங்கு திவானாக இருந்த டி. மாதவராவ், கும்பகோணத்தில் பிறந்தவர். அதற்கு முன் திருவாங்கூரிலும் திவானாக இருந்தவர். ரவிவர்மாவின் படங்களை அச்சிட்டு மக்களிடம் சேர்க்கலாம் என்ற யோசனையை அவருக்கு எழுதியவரும் இவரே.

எங்கள் மலைக்கும் இந்த வரலாற்றில் ஓர் இடம் உண்டு. 1888இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் உதகையில் தங்கியிருந்தபோது ரவிவர்மாவை அங்கு வரவழைத்தார். ராமாயண, மகாபாரதக் காட்சிகளாகப் பதினான்கு ஓவியங்களை வரைந்து தருமாறு கேட்டார். அன்று மலை ரயில் கிடையாது. குன்னூருக்கு ரயில் வந்தது 1899இல், உதகைக்கு வந்தது 1908இல். மலைப்பாதையில் ஏறி வந்தே அந்த வாக்கைப் பெற்றுச் சென்றிருக்கிறார். நாடெங்கும் பயணம் செய்து மக்களின் உடைகளையும் முகங்களையும் கவனித்த பிறகே அந்தப் பதினான்கையும் வரைந்து முடித்தார். 1893இல் சிகாகோ கண்காட்சியில் அவருடைய பத்து ஓவியங்கள் வைக்கப்பட்டுப் பரிசும் பெற்றன.

1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். வணிகம் அவருக்குக் கைவரவில்லை. கடன் சுமையால் 1901இல் அதை ஜெர்மானியர் ஒருவருக்கு விற்றார். படங்களோ தொடர்ந்து அச்சாகி, அரண்மனை வாயிலை மிதிக்க இயலாத குடிசைகளுக்கெல்லாம் சென்று சேர்ந்தன. அவருடைய பாணி மேற்கத்தியச் சாயல் கொண்டது, நாடகத்தன்மை மிகுந்தது என்று ஆனந்த குமாரசாமி போன்றோர் குறை கூறினர். அந்த விமர்சனத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் சாமிகள் எங்கள் நிறத்தில் ஏன் இல்லை என்று என் மாணவி ஒருத்தி கேட்டபோது என்னாலும் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் கோயிலுக்குள் விடப்படாதவர்களின் வீட்டுக்குள் தெய்வம் வந்தது அந்தப் படங்களின் வழியாகத்தான் என்பதையும் மறுக்க முடியாது. 1906 அக்டோபர் 2 அன்று, பிறந்த கிளிமானூரிலேயே அவர் காலமானார்.

இந்த வாழ்க்கையை நினைக்கும்போதெல்லாம் என் மனம் பதக்கங்களைவிட அந்த இரவுகளிடமே திரும்பிச் செல்கிறது. ரவிவர்மாவுக்கு மாமன் இருந்தார், மன்னர் இருந்தார், அரச குலம் இருந்தது. அத்தனை வாய்ப்பும் உள்ளவருக்கே கற்பிக்க ஆள் கிடைக்கவில்லை; மறைவில் வந்து ஒருவர் கற்பிக்க வேண்டியிருந்தது. எதுவுமில்லாத தோட்டத் தொழிலாளியின் குழந்தைக்கு யார் வருவார்?

இன்று நம் அரசுப் பள்ளிகள் பலவற்றில் ஓவிய ஆசிரியர் பகுதிநேரப் பணியாளர். ஓவிய வகுப்போ, தேர்வு நெருங்கினால் கணக்குப் பாடத்துக்குக் கொடுக்கப்படும் ஓய்வு நேரம். என் பணிக்காலத்தில் நானும் அப்படி எத்தனையோ வகுப்புகளை முணுமுணுப்பின்றி விட்டுக்கொடுத்திருக்கிறேன். அது பெருந்தன்மை என்று அப்போது நினைத்தேன். ராமசாமி நாயுடு அச்சத்தால் கதவைச் சாத்தினார். நான் அலட்சியத்தால் சாத்தினேன். வெளியே நின்ற குழந்தைக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஓய்வுக்குப் பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் லயத்துப் பிள்ளைகள் சிலர் என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறார்கள். வண்ணங்கள் போதாதபோது அடுப்புக்கரி இருக்கிறது. சுவரும் இருக்கிறது, அதில் வரைந்ததற்காக இங்கு யாரும் அடிப்பதில்லை.