குண்டைத் தேடிய கிரகாம் பெல்!

நெய்வேலிச் சுரங்கத்தின் விளிம்பில் நின்று கீழே பார்த்தால் தலை சுற்றும். அவ்வளவு ஆழம்! அங்கே ராட்சத இயந்திரங்கள் மண்ணை வெட்டுகின்றன. ஒரு பெரிய சக்கரம். சக்கரத்தைச் சுற்றி வாளிகள். வாளியின் வாயில் இரும்புப் பற்கள்.

நெய்வேலி மண் லேசுப்பட்டதல்ல. பழுப்பு நிலக்கரிக்கு மேலே கடலூர் மணற்கல் படிந்து கிடக்கிறது. அது அரம் போல இரும்பையே தேய்த்துவிடும். பற்கள் தேயும், சில சமயம் உடைந்தும் விழும். விழுந்த பல், மண்ணோடும் கரியோடும் கலந்து ரப்பர் பெல்ட்டில் ஏறிப் பயணம் புறப்பட்டுவிடும்.

பெல்ட்டைக் கிழிக்க ஒரு பல் போதும். கரியை நொறுக்கும் இயந்திரத்துக்குள் போய்விட்டாலோ, இன்னும் பெரிய நஷ்டம். ஆகவே இத்தகைய பெல்ட்டுகளின் வழியில் ஒரு காவல்காரனை நிறுத்தி வைக்கிறார்கள். அவனுக்குக் கண் கிடையாது. ஆனால் கரிக்குள் இரும்பு ஒளிந்து வந்தாலும் அவனுக்குத் தெரிந்துவிடும். உடனே பெல்ட் நின்றுவிடும். அந்தக் காவல்காரன்தான் மெட்டல் டிடெக்டர் என்னும் உலோகம் கண்டறியும் கருவி.

விமான நிலையத்தில் நம் சாவிக்கொத்தைக் கண்டு கீச்சிடுகிறதே, அதுவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

இந்தக் குடும்பத்தின் பாட்டனார் பெயர் பெற்ற கதை விசித்திரமானது. அது புதையல் தேடவில்லை, இரும்பு தேடவில்லை. ஓர் உயிரைக் காப்பாற்ற வந்தது. அதைக் கொண்டுவந்தவர், டெலிபோனைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல்!

காது கேளாத தாய்

பெல் 1847ஆம் ஆண்டு மார்ச் 3ந் தேதி ஸ்காத்லாந்து நாட்டின் எடின்பரோ நகரில் பிறந்தார். தந்தை, மக்களுக்குத் திருத்தமாகப் பேசக் கற்றுக் கொடுக்கும் ஆசிரியர். தாய்க்கோ காது சரியாகக் கேட்காது. சிறுவன் பெல் தாயின் நெற்றிக்கு அருகே வாயை வைத்து மெல்லப் பேசுவான். அந்த அதிர்வில் தாய் பேச்சைப் புரிந்துகொள்வாள். ஒலியின் மீது பெல்லுக்கு ஆசை பிறந்தது அந்த வீட்டில்தான்.

அந்த வீட்டில் துயரமும் புகுந்தது. பெல்லின் தம்பி 1867ல் காசநோயால் இறந்தான். அண்ணனும் அதே நோயால் 1870ல் மாண்டார். எஞ்சிய ஒரே மகனையாவது காப்பாற்ற வேண்டும் என்று பெற்றோர் அந்த ஆண்டே கானடாவில் குடியேறினார்கள். பின்னர் பெல் அமெரிக்காவில் பாஸ்டன் நகருக்குப் போய், காது கேளாத பிள்ளைகளுக்கு ஆசிரியரானார்.

அவரிடம் படித்தவர்களில் ஒருத்தி மேபல். ஐந்து வயதில் விஷக் காய்ச்சல் வந்து காது கேட்கும் சக்தியை இழந்தவள். 1877ல் பெல் அவளையே மணந்துகொண்டார். அதற்கு முந்தைய ஆண்டுதான் டெலிபோனுக்கு உரிமை பெற்றிருந்தார். உலகத்துக்கே குரலைக் கேட்க வைத்தவரின் தாய்க்கும் மனைவிக்கும் காது கேட்காது! விதியின் விளையாட்டைப் பாருங்கள்.

ஜனாதிபதி மீது துப்பாக்கிச் சூடு

1881 ஜூலை 2ந் தேதி. அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டு, வாஷிங்டன் ரயில் நிலையத்துக்குள் நுழைந்தார். பதவியேற்று நான்கு மாதம்கூட ஆகவில்லை. சார்லஸ் கிட்டோ என்பவன் பின்னாலிருந்து இரண்டு முறை சுட்டான். ஒரு குண்டு கையை உரசிச் சென்றது. மற்றொன்று முதுகில் வலப்புறமாகப் புகுந்து உள்ளேயே தங்கிவிட்டது.

குண்டு எங்கே இருக்கிறது? யாருக்கும் தெரியவில்லை. எக்ஸ்ரே வந்தது 1895ல். அதற்கு இன்னும் பதினான்கு ஆண்டுகள் இருந்தன. டாக்டர்கள் காயத்துக்குள் விரலை விட்டுத் துழாவினார்கள். கையைக் கிருமிநாசினியால் கழுவ வேண்டும் என்று பிரிட்டனில் லிஸ்டர் என்ற மேதை 1867லேயே எடுத்துச் சொல்லியிருந்தார். அமெரிக்க டாக்டர்கள் பலர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

செய்தி கேட்ட பெல்லுக்கு மனம் பொறுக்கவில்லை. உடலைக் கிழிக்காமல் குண்டைக் கண்டுபிடிக்க வழி உண்டா என்று யோசித்தார். மனைவி மேபல் அப்போது கர்ப்பவதி. அவளைப் பாஸ்டனில் விட்டுவிட்டு, வாஷிங்டனில் தம் உதவியாளர் டெய்ன்டருடன் இரவு பகலாக உழைத்தார்.

மின்சாரத் தராசு

பெல் செய்த கருவி எப்படி வேலை செய்தது? மளிகைக் கடைத் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தட்டும் சமமாக நிற்கும்போது முள் நேராக நிற்கிறது. ஒரு தட்டில் குன்றிமணி வைத்தாலும் முள் சாய்ந்துவிடும்.

இதிலும் இரண்டு உண்டு. தட்டுகள் அல்ல, கம்பிச் சுருள்கள். ஒரு சுருளில் விட்டு விட்டு மின்சாரம் பாயும். மற்றொரு சுருள் டெலிபோனோடு சேர்ந்திருக்கும். முதல் சுருளின் வேகம் இரண்டாவதைத் தாக்காதபடி, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று சற்று விலக்கிச் சமப்படுத்தி வைப்பார்கள். அப்போது டெலிபோனில் சத்தமே இராது. பக்கத்தில் ஓர் உலோகத் துண்டு வந்தால் சமநிலை கெடும். டெலிபோன் முனகும்!

இந்தத் தராசுத் தத்துவத்தை 1879ல் செய்து காட்டியவர் ஹியூஸ் என்ற விஞ்ஞானி. அதை மனித உடலில் குண்டு தேடும் கருவியாகத் திருத்தியவர் பெல். மூடிய கைக்குள் குண்டை வைத்துச் சோதித்தார். இறைச்சித் துண்டுக்குள் புதைத்துச் சோதித்தார். உள்நாட்டுப் போரில் குண்டு பாய்ந்து, அதை உடலிலேயே சுமந்துகொண்டிருந்த பழைய சிப்பாய்களையும் வரவழைத்துச் சோதித்தார். கருவி சரியாகச் சொன்னது.

வெள்ளை மாளிகையில்

ஜூலை 26ந் தேதி பெல் ஜனாதிபதியின் படுக்கை அருகே நின்றார். கருவியைக் காதில் வைத்தார். என்ன சோதனை! தேவையில்லாத ஓர் இரைச்சல் ஓயாமல் கேட்டது. திரும்பி வந்து பிரித்துப் பார்த்தபோது ஓர் இணைப்பு தவறாக இருந்தது தெரிந்தது.

ஆகஸ்டு 1ந் தேதி மறுபடியும் போனார். தலைமை டாக்டர் பிளிஸ், குண்டு வலப்புறம்தான் இருக்கிறது என்று நம்பியவர். ஆகவே தேடுதலும் வலப்புறமே நடந்தது. மெல்லிய சத்தம் கேட்டது. ஆனால் ஒரே இடத்தில் அல்ல. அகலமாகப் பரவிக் கேட்டது. டாக்டர்களோ தாங்கள் நினைத்ததே சரி என்று திருப்தி அடைந்தார்கள்.

பெல்லுக்குத் திருப்தி இல்லை. மறுநாள் போய், படுக்கை அருகே உலோகம் ஏதாவது உண்டா என்று விசாரித்தார். அப்போதுதான் பூனை வெளியே வந்தது. குதிரைமயிர் மெத்தைக்கு அடியில், எஃகுக் கம்பி பின்னிய இன்னொரு மெத்தை!

காரியம் கெட்டதற்கு அந்த மெத்தையே காரணம் என்று இன்றும் பலர் சொல்வார்கள். பெல் அப்படி அவசரப்படவில்லை. அதே போன்ற மெத்தையை வாங்கிச் சோதித்தார். பழி முழுவதும் மெத்தையினுடையது அல்ல என்றே அவருக்குத் தோன்றியது.

இரண்டு சாவுகள்

இதற்கிடையே பெல்லின் வீட்டில் இடி விழுந்தது. ஆகஸ்டு 15ந் தேதி மேபலுக்குக் குறைமாதத்தில் ஆண் குழந்தை பிறந்தது. மூச்சுவிட முடியாமல் சில மணி நேரத்தில் இறந்தது. ஊரார் உயிருக்காகப் போராடியவர் தம் பிள்ளையைப் பறிகொடுத்தார்.

செப்டம்பர் 19ந் தேதி கார்பீல்டும் காலமானார். உடலை அறுத்துப் பார்த்தார்கள். குண்டு இருந்தது வலப்புறம் அல்ல. முதுகெலும்பைத் தாண்டி இடப்புறம், வெகு ஆழத்தில். பெல்லின் கருவிக்கு எட்டாத ஆழம். குண்டைவிடக் கொடியது, கழுவாத விரல்களால் காயத்தில் புகுந்த சீழ். அந்தக் காயத்தைத் தொடாமல் விட்டிருந்தால் அவர் பிழைத்திருக்கக் கூடும் என்பது இன்றைய மருத்துவர்கள் பலரின் கருத்து.

வேறொருவராக இருந்தால் மனம் உடைந்திருப்பார். பெல் என்ன செய்தார்? உடலில் உள்ள குண்டில் பட்டவுடன் டெலிபோனில் சத்தம் தரும் ஊசி ஒன்றைச் செய்தார். எக்ஸ்ரே வரும்வரை டாக்டர்களுக்கு அது கைகொடுத்தது. மூச்சுத் திணறுவோருக்குக் காற்று ஊட்டும் கவசம் ஒன்றையும் செய்தார். தம் குழந்தைக்கு நேர்ந்தது வேறு குழந்தைக்கு நேரக்கூடாது என்ற தவிப்பு அது.

பாட்டனார் வழியில்

பெல் தொடங்கிய வேலை நிற்கவில்லை. 1930களில் அமெரிக்காவில் பிஷர் என்பவர் கையில் எடுத்துச் செல்லும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1941ல் போலந்துப் படை அதிகாரி கோசாட்ஸ்கி, கண்ணிவெடி தேடும் கருவியை உருவாக்கினார். எந்த நாட்டில் தெரியுமா? பெல் பிறந்த அதே ஸ்காத்லாந்தில்! 1942ல் எல் அலமைன் பாலைவனப் போரில் அது எத்தனையோ சிப்பாய்களின் காலையும் உயிரையும் காத்தது.

யுத்தம் முடிந்ததும் மிஞ்சிய கருவிகள் மலிவாக விலைக்கு வந்தன. நீண்ட கழி, நுனியில் தட்டு, பெட்டியில் வால்வுகள், காதில் மாட்டும் போன். இன்றும் அவற்றைத் தேடி வாங்கி, பழுது பார்த்து, உயிர் கொடுத்து மகிழ்கிறவர்கள் உலகெங்கும் உண்டு.

அப்படி ஒரு பழைய கருவி உங்கள் கைக்கு வந்தால், பெல்லின் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். வாங்குவதற்கு முன் ஒரு நாணயத்தைத் தரையில் போட்டு அது கத்துகிறதா என்று பாருங்கள். பச்சை பூத்த பாட்டரி முனைகளையும் தளர்ந்த இணைப்புகளையும் முதலில் கவனியுங்கள். சுருளில் ஈரம் தங்க விடாதீர்கள். தேடும்போது மோதிரத்தையும் இடுப்பு வார்ப் பூட்டையும் கழற்றி வையுங்கள். முக்கியமாக, இங்கேதான் இருக்கும் என்று முன்கூட்டியே முடிவு கட்டாதீர்கள். எல்லாப் பக்கமும் தேடுங்கள்.

இன்னொன்று. நம் நாட்டில் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இருக்கிறது. மண்ணுக்குள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும்.

பெல் 1922 ஆகஸ்டு 2ந் தேதி கானடாவில் காலமானார். அவரை அடக்கம் செய்த நேரத்தில் வட அமெரிக்காவில் டெலிபோன்கள் ஒரு நிமிடம் மௌனம் காத்தன.

அவர் கருவி அந்த ஜனாதிபதியைக் காப்பாற்றவில்லை. ஆனால் அதன் வாரிசுகள் இன்றும் விழித்திருக்கின்றன. நெய்வேலியில் நள்ளிரவு ஷிப்டில் கரி சுமந்து ஓடும் பெல்ட் ஒன்று திடீரென்று நிற்கிறது. தொழிலாளி குனிந்து, கரிக்குள்ளிருந்து ஓர் இரும்புப் பல்லை எடுத்து எறிகிறார். பெல்ட் மறுபடி ஓடுகிறது. நம் வீட்டு விளக்கு எரிகிறது.