நுளம்பை எண்ணிய வைத்தியர்: ரொனால்ட் ரொஸ்

இலங்கை மலேரியா அற்ற நாடு என்று 2016 செப்டெம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் சான்றளித்தது. அதே ஆண்டு டிசம்பரில் மன்னார் தீவின் பேசாலையில், இந்நாட்டில் அதுவரை கண்டிராத ஒரு மலேரியா நுளம்பு பிடிபட்டது. பெயர் அனோபிலஸ் ஸ்டீபன்சி. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது இதுதான். ஆற்றுக் குட்டையைத் தேடிப் போக வேண்டியதில்லை, வீட்டுக் கிணறும் தண்ணீர்த் தாங்கியும் இதற்குப் போதும். ஓலைத்தொடுவாய் போன்ற கரையோர ஊர்கள் கிணற்றை நம்பி வாழ்பவை. நோய் போய்விட்டது, நுளம்பு வந்துவிட்டது. அப்படியானால் ஆபத்து எவ்வளவு?

இப்படியொரு கேள்விக்குக் கணக்குப் போட்டு விடை தேடலாம் என்று மலேரியா விடயத்தில் முதலில் காட்டியவர் ரொனால்ட் ரொஸ். நுளம்பின் குற்றத்தைக் கண்டுபிடித்தவர் என்றுதான் பாடப்புத்தகங்கள் அவரைச் சொல்கின்றன. அதைவிடப் பெரியது அவருடைய கணக்கு என்பது என் எண்ணம்.

1857 மே 13 அன்று, மீரட்டில் சிப்பாய்க் கிளர்ச்சி வெடித்த மூன்றாம் நாள், இமயமலை அடிவாரத்து அல்மோராவில் பிறந்தார். தந்தை பிரித்தானிய இந்திய இராணுவ அதிகாரி. எட்டு வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். ஓவியராகவோ எழுத்தாளராகவோ ஆக விரும்பிய மகனைத் தந்தை வைத்தியம் படிக்க வைத்தார். 1881இல் இந்திய மருத்துவ சேவையில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். வேலை குறைவு, ஓய்வு அதிகம். கவிதையும் நாவலும் எழுதினார். கணிதத்தைத் தானாகவே படித்தார். அந்தப் பொழுதுபோக்கு வீண்போகவில்லை.

1894இல் லண்டனில் பற்றிக் மேன்சன் என்ற வைத்தியர் மலேரியாக் கிருமியை நுணுக்குக்காட்டியில் அவருக்குக் காட்டி, நுளம்பின் மீது தமக்கிருந்த சந்தேகத்தையும் சொன்னார். ரொஸ் அந்தச் சந்தேகத்தோடு இந்தியா திரும்பினார். சிக்கந்தராபாத்தில் இரண்டு ஆண்டுகளாக நுளம்புகளை அறுத்து அறுத்துப் பார்த்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. 1897 ஆகஸ்டில் ஹுஸைன் கான் என்ற மலேரியா நோயாளி, புள்ளிச் சிறகு நுளம்புகள் தன்னைக் கடிக்க இடம் கொடுத்தார். ஒரு நுளம்புக்கு ஓர் அணா கூலி, மொத்தம் எட்டு அணா. அந்த நுளம்புகளில் ஒன்றின் வயிற்றுச் சுவரில்தான் ஆகஸ்ட் 20 அன்று ரொஸ் கிருமியைக் கண்டார்.

அடுத்த மாதமே அவரை மலேரியா அரிதான ராஜபுதனத்துக்கு மாற்றிவிட்டார்கள்! மேன்சன் முயன்றதில் 1898இல் கல்கத்தா போய்ச் சேர்ந்தார். அங்கே பிளேக் தடுப்பூசிப் பீதி. ஊசியோடு வரும் வெள்ளைக்காரரிடம் விரலை நீட்ட யாரும் தயாராக இல்லை. ஆகவே பறவைகளிடம் போனார். உதவியாளர்களில் ஒருவர் முதல் சம்பளத்தோடு காணாமல் போக, முஹம்மத் பக்ஸ் மட்டும் நிலைத்து நின்று நுளம்பு வளர்த்தும் பறவைகளைப் பராமரித்தும் உதவினார். கிருமி நுளம்பின் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து, கடி வழியே அடுத்த பறவைக்குப் போவது அந்த ஜூலையில் உறுதியானது. 1902இல் நோபல் பரிசு ரொஸ் ஒருவருக்கே கிடைத்தது. ஹுஸைன் கானும் முஹம்மத் பக்ஸும் யார் நினைவில் இருக்கிறார்கள்?

நுளம்புதான் காரணம் என்றால் நுளம்பைக் குறைக்க வேண்டியதுதானே? லாகூர் அருகே மியான் மீர் இராணுவ முகாமில் அதைச் செய்து பார்த்தார்கள். குட்டைகளை மூடியும் எண்ணெய் ஊற்றியும் பலன் திருப்தி தரவில்லை. நுளம்பு ஒழிப்பு வீண் வேலை என்று அதிகாரிகள் முடிவுகட்டினார்கள். ரொஸ் கோபக்காரர், வழக்காடுவதில் சலிக்காதவர். இத்தாலிய விஞ்ஞானி கிராசியோடு அவர் நடத்திய சண்டை உலகம் அறிந்தது. ஆனால் இந்தக் கோபம் மட்டும் உருப்படியான ஒன்றைப் பெற்றெடுத்தது. எவ்வளவு குறைத்தீர்கள், எவ்வளவு பரப்பில், வெளியிலிருந்து எத்தனை பறந்து வந்தன என்று எண்ணாமல் எப்படித் தீர்ப்புச் சொல்லலாம் என்று கேட்டு, தாமே கணக்கில் இறங்கினார்.

1908இல் மொரீஷியஸ் மலேரியா பற்றிய தமது அறிக்கையிலும், பின்னர் 1910இல் வெளிவந்த நூலிலும் அதை விரித்தார். அவர் யோசித்த வழியை உதாரண எண்களோடு சொல்கிறேன். ஊரில் ஒரே ஒரு நோயாளி. ஆளுக்கு 48 நுளம்பு. நான்கில் ஒன்றுக்கே கடிக்க வாய்க்கிறது என்றால் நோயாளியைக் கடிப்பவை 12. கிருமி உள்ளே முதிரும்வரை மூன்றில் ஒன்றே உயிரோடிருக்கும் என்றால் 4. அவற்றில் மறுபடி கடிப்பது 1. ஆக, ஒருவரிடமிருந்து ஒருவருக்கு. நுளம்பு இரட்டிப்பானால் ஒருவர் இருவராவார், இருவர் நால்வராவார். ஆளுக்கு 30 ஆகக் குறைந்தால் ஒவ்வொரு சுற்றிலும் நோய் தேய்ந்து, நுளம்பு மிச்சமிருக்கும்போதே நின்றுவிடும். கடைசி நுளம்புவரை கொல்ல வேண்டியதில்லை, ஓர் எல்லைக்குக் கீழே கொண்டுவந்தால் போதும். மியான் மீருக்கு அவர் கொடுத்த பதில் இதுதான்.

1916, 1917இல் கணிதவியலாளர் ஹில்டா ஹட்சனோடு சேர்ந்து எல்லாத் தொற்றுகளுக்கும் பொதுவான சமன்பாடுகளை எழுதினார். 1901இல் அவரோடு சியரா லியோன் போன இளம் வைத்தியர் மெக்கெண்ட்ரிக், 1927இல் கெர்மாக்கோடு சேர்ந்து அந்த வழியை மேலே கொண்டுபோனார். அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தது பம்பாய் பிளேக் மரணங்களை. கொரோனா நாட்களில் ஒருவரிடமிருந்து எத்தனை பேருக்குப் பரவும் என்று தினமும் கேட்ட எண்ணுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. அதே நாட்களில் நம் ஜனாஸாக்களை எரிக்கச் சொன்னவர்கள் இப்படி எந்தக் கணக்கையும் காட்டவில்லை.

ரொஸ் 1932 செப்டெம்பர் 16 அன்று லண்டனில் மரணித்தார். இரண்டே ஆண்டில், 1934-35இல், இலங்கையில் மலேரியா சுமார் 80,000 உயிர்களைக் கொண்டுபோனது. மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகத் தேங்க, நுளம்பு அந்த எல்லையைத் தாண்டியது. பிறகு டீடீடீ வந்தது. 1963இல் நாடு முழுவதும் 17 பேருக்கே மலேரியா. வென்றுவிட்டோம் என்று கை தளர்ந்தது. 1969இல் 5 இலட்சத்துக்கு மேல்!

உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2018 டிசம்பரில் இந்தியாவிலிருந்து வந்த ஒரு தொழிலாளியிடமிருந்து மொனராகலையில் இன்னொருவருக்குத் தொற்றியது. உடனே கண்டறிந்ததால் சங்கிலி அங்கேயே அறுந்தது. மன்னாருக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே இருப்பது ஒரு சிறு கடல். அகதி முகாம்களிலிருந்து குடும்பங்கள் திரும்புகின்றன, தொழிலுக்கும் வியாபாரத்துக்கும் ஆட்கள் போய்வருகிறார்கள். ஆகவே காய்ச்சலோடு வருபவரிடம் எங்கே போய் வந்தீர்கள் என்று வைத்தியர் கேட்பதும், இரத்தம் எடுப்பதும் கணக்கின் ஒரு பக்கம். கிணற்றுக்கு வலை போடச் சொல்வதும், குடம்பிகளைத் தின்னும் மீன்களை விடுவதும் மறுபக்கம். மீன் விட்ட பிறகும் நுளம்பு பறக்கிறதே என்று வீட்டார் குறைப்படுவதுண்டு. பறக்கத்தான் செய்யும். மீன் விட்டது 48ஐ 30 ஆக்கத்தான்.