ஆறு இல்லாத ஊருக்கு ஆற்றுத் தண்ணி: யார் இந்த குரூஸ் பர்னாந்து?

தாமிரபரணி ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரியைத் தாண்டி, புன்னைக்காயல் பக்கம் கடலில் கலக்கிறது. தூத்துக்குடி இருப்பது அதற்கு வடக்கே. முத்துக்குளிப்பு, துறைமுகம், 1876-ல் வந்த ரயில் என்று எல்லாம் இருந்தும் ஊருக்குள் ஆறு இல்லை. கடலோரக் கிணறுகளில் உப்புத் தண்ணி. குடிக்கிற தண்ணிக்குத்தான் பெரும்பாடு.

இந்தக் குறையைத் தீர்த்தவர்தான் ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து.

யார் இவர்?

1869 நவம்பர் 15-ல் தூத்துக்குடியில் பிறந்தவர். கடலை நம்பி வாழும் பரதவர் சமூகத்தைச் சேர்ந்தவர். வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய மூன்று ஆண்டுகள் கழித்து, 1909-ல் நகராட்சித் தலைவர் ஆனார். ஐந்து முறை அந்தப் பதவியில் இருந்தார்.

முதலில் ரயிலில் தண்ணி கொண்டுவந்து பார்த்தார்கள். அன்றைய தாகம் தீர்ந்தது. ஆனா வளர்கிற ஊருக்கு அது எத்தனை நாளைக்குத் தாங்கும்? நிரந்தர வழி, ஆற்றிலிருந்தே குழாய் போடுவது. ஆற்றங்கரையில் உள்ள வல்லநாட்டிலிருந்து தூத்துக்குடிக்கு சுமார் 30 கி.மீ. அந்தக் குடிநீர்த் திட்டம் 1927-ல் நிறைவேறியது. மூன்றே ஆண்டில், 1930-ல், அவர் காலமானார்.

குழாய்தானே, இதில் என்ன கஷ்டம்?

குழாய் மட்டுமல்ல, உள்ளே இருக்கிற தண்ணியும் பாரம்தான். 12 அங்குலக் குழாயில் ஒரு மீட்டர் நீளத்துக்குத் தண்ணி மட்டுமே சுமார் 70 கிலோ. இரண்டு தூண்களுக்கு நடுவே குழாய் நின்றால், அந்த எடையில் நடுப்பகுதி கொஞ்சம் கீழே தொய்யும்.

தூண்களின் எண்ணிக்கையைக் குறைத்துச் செலவை மிச்சம் பிடிக்கலாமே என்று தோன்றும். இங்கேதான் கணக்கு கையைக் கடிக்கும். அதே குழாய்க்கு இடைவெளியை இரண்டு மடங்காக்கினால், தொய்வு இரண்டு மடங்கு இல்லை, 16 மடங்கு. 4 மீட்டருக்கு 2 மி.மீ. தொய்ந்தால், 8 மீட்டருக்கு 32 மி.மீ.

தொய்ந்தால் என்ன ஆகும்?

பள்ளத்தில் வண்டல் தங்கும். மேட்டில் காற்று அடைத்து ஓட்டத்தைக் குறைக்கும். எல்லாத்துக்கும் மேல, இணைப்புகள் நெகிழ்ந்து ஒழுகும். அதனால்தான் இன்று உலகம் முழுக்கப் பொறியாளர்கள் பார்க்கும் ஏஎஸ்எம்இ பி31.1 விதிநூல், தாங்கிகளுக்கு இடையே எவ்வளவு விடலாம் என்று பட்டியலே தருகிறது. தண்ணி ஓடும் 4 அங்குல எஃகுக் குழாய்க்கு சுமார் 4.3 மீட்டர், 12 அங்குலத்துக்கு 7 மீட்டர். அனுமதிக்கும் தொய்வு வெறும் 2.5 மி.மீ.தான்.

மண்ணுக்குள் புதைத்தால் தொல்லை தீர்ந்ததா? பாதிதான். மண் குழாயை நெடுகத் தாங்கும், தூண் தேவையில்லை. ஆனால் பள்ளத்தின் அடி சமமாக இருக்கணும். ஒரு இடத்தில் பாறை முட்டி, அடுத்த இடத்தில் மண் இறங்கிவிட்டால், நடுவில் உள்ள குழாய் அந்தரத்தில் தொங்கும். அப்போ மறுபடியும் அதே கணக்குதான். ஓடை குறுக்கிட்டு, குழாயை மேலே தூக்கிக் கொண்டுபோகும் இடத்தில் தூண்களின் இடைவெளி கறாராக இருந்தாகணும். 30 கி.மீ.யில் ஒரே ஒரு இணைப்பு விட்டாலும் ஊருக்குள் குழாய் காற்றுதான் விடும்.

இதில் தலைவரின் வேலை என்ன?

கணக்குப் போடுவது பொறியாளர் வேலை. அந்தக் கணக்கு கேட்கிற செலவுக்கு இடம் கொடுப்பது நகராட்சியின் வேலை. பள்ளத்தைச் சமமாக்குவது, தூணை நெருக்கமாக வைப்பது, இணைப்பைச் சோதிப்பது எல்லாம் மண்ணுக்கடியில் மறையும் செலவுகள். திறப்பு விழாவில் யாரும் அதைப் பார்க்க மாட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்காக ஊர்ப் பணத்தைச் செலவிடும் பொறுப்பை ஏற்றவர் குரூஸ் பர்னாந்து.

2008-ல் தூத்துக்குடி மாநகராட்சி ஆனது. பின்னாளில் வந்த நான்காவது பைப்லைன் திட்டமும் வல்லநாட்டுப் பக்கம்தான் ஆற்றைத் தேடிப் போனது. ஊர் மக்கள் அவரைத் தூத்துக்குடியின் தந்தை என்று அழைக்கிறார்கள். காரணம், அங்கே குழாயைத் திறந்தால் வருகிற தாமிரபரணித் தண்ணி.